கல்கி அப்படி எழுதவில்லை

‘கல்கி அப்படி எழுதவில்லை’ என்று ஒரு வரி வந்தது. அடுத்த நிமிடம் நான் எழுதிய காட்சி குழுவிலிருந்து நீக்கப்பட்டிருந்தது.

2022 செப்டம்பரில் மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் திரைக்கு வந்தபோது, நாவலைப் படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒன்றாக அதைப் பேசத் தொடங்கினார்கள். அந்த அலையில் முளைத்த ஒரு டெலிகிராம் குழுவில் நானும் சேர்ந்தேன். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரமாகவே எழுத்தில் பேசிக் கதையை நாள்தோறும் நகர்த்தும் விளையாட்டு அது. ஹாரி பாட்டர் போன்ற மாயப் புனைவுகளுக்கு உலகெங்கும் இப்படிக் குழுக்கள் உண்டு. ரோல் பிளே என்பார்கள். சிறுவயதில் திண்ணையில் அப்பா அம்மா விளையாட்டு விளையாடினோமே, அதுதான் இது. இப்போது கைபேசியில், முகம் தெரியாதவர்களோடு.

நான் பூங்குழலியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் பிறந்தது தூத்துக்குடி திரேஸ்புரம். பூங்குழலியின் கோடிக்கரை எங்களுக்கு வடக்கே வெகுதூரத்தில் இருக்கிறது. அவளுடையது பாக் நீரிணை, எங்களுடையது மன்னார் வளைகுடா. அவள் சோழநாட்டுக்காரி, நாங்கள் பாண்டிய நாட்டுக் கரை. ஆனால் பள்ளிக்கூட நூலகத்தில் கிடைத்த தடித்த புத்தகங்களில், தனியாகப் படகு தள்ளிக்கொண்டு கடலுக்குள் போன ஒரே பெண் அவள்தான். பதினான்கு வயதில் அவளைப் பார்த்து எனக்கு வந்த பொறாமை இன்னும் தீரவில்லை.

நீக்கப்பட்ட காட்சி இதுதான். வந்தியத்தேவனை இரவெல்லாம் துடுப்புப் போட்டு இலங்கைக்கரையில் இறக்கிவிடுகிறாள் பூங்குழலி. அவன் நன்றி சொல்லிவிட்டு நடக்கிறான். அவள் பின்னாலிருந்து கூப்பிட்டு, “கூலி?” என்று கேட்கிறாள்.

குழுவின் அட்மின் கோபக்காரர் இல்லை. பொறுமையாகவே விளக்கினார். நாவலில் பூங்குழலி காசுக்காகப் படகு தள்ளுவதில்லை. அருள்மொழிவர்மருக்கு ஆபத்து என்று தெரிந்துதான் கிளம்புகிறாள். கூலி கேட்டால் அவள் பூங்குழலியே இல்லை. குழுவின் முதல் விதி, மூலத்துக்கு விசுவாசமாக இருக்க வேண்டும்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். முப்பது வருடம் கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்றவள். “ஏட்டி, ராத்திரி முழுக்கத் தொடுப்புப் போட்டவ கூலி கேக்கக்கூடாதுன்னு எவன் சொன்னான்?” என்றாள். கல்கி யாரென்று அவளுக்குத் தெரியாது.

முதலில் அந்த விதியின் பக்கம் நின்று யோசித்துப் பார்த்தேன். பலர் சேர்ந்து சொல்லும் கதைக்குப் பொதுத்தரை ஒன்று வேண்டும். நான் நினைத்தபடி பூங்குழலியைப் பறக்க வைத்தால், எனக்கு முன்னால் நான்கு நாள் யோசித்து எழுதியவளின் காட்சி சரிந்துவிடும். மூலத்தை மதிப்பதில் கல்கிக்குத் தரும் மரியாதையைவிட, கூட விளையாடுபவர்களுக்குத் தரும் வாக்குறுதி பெரிது. அந்த அளவில் விதி நியாயமானது.

ஆனால் அதே குழுவில் வந்தியத்தேவன் என்ன செய்தான்? நாவலில் இல்லாத போர்களுக்குப் போனான். கப்பலேறிக் கடாரம் வரை போய்வந்தான். போன ஊரிலெல்லாம் ஒருத்தி அவனுக்காகக் காத்திருந்தாள். யாரும் கல்கியை இழுக்கவில்லை. “கற்பனை வளம்” என்று பாராட்டினார்கள். குந்தவை கோபத்தில் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசினால் மட்டும் ‘இளைய பிராட்டி இப்படிப் பேச மாட்டார்’ என்று வந்து நின்றார்கள். ஒரே விதிதான். ஆண் பாத்திரங்களை அது கதையின் எல்லையில் தடுத்தது. பெண் பாத்திரங்களைக் குணத்தின் எல்லையிலேயே தடுத்தது. வந்தியத்தேவன் எங்கே போகலாம் என்பதுதான் அவனைப் பற்றிய கேள்வி. பூங்குழலி எப்படிப்பட்டவளாக இருக்கலாம் என்பது அவளைப் பற்றிய கேள்வி.

இந்தக் கணக்கு நமக்குப் பழக்கமானது. அதற்குத் தமிழில் ஒரு பழைய பெயரும் இருக்கிறது: கற்பு. ‘கல்’ என்ற வேரிலிருந்து வந்த சொல் அது என்பார்கள். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் பெரியார் அந்த வேரைப் பிடித்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குகிறார். படி என்பதிலிருந்து படிப்பு வந்ததுபோல, கல் என்பதிலிருந்து கற்பு. சொல்லுக்குள் ஆண், பெண் பேதம் இல்லை. பொருளில்தான் அது பெண்ணின் தலைமேல் ஏறியது. ஒரு புத்தகத்துக்கு உண்மையாக இருத்தல் என்ற எளிய விஷயம்கூட, நாங்கள் விளையாடத் தொடங்கிய சில வாரங்களிலேயே பெண் பாத்திரங்களின் கற்பைக் காப்பதாக மாறிவிட்டது.

கல்கி தன் மூலங்களுக்கு எப்படி இருந்தார் என்று பார்த்தால் இது இன்னும் வேடிக்கை. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாரந்தோறும் வந்த தொடர்கதை ‘பொன்னியின் செல்வன்’. வல்லவரையர் வந்தியத்தேவர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவராகக் குறிப்பிடப்படும் ஒரு பெயர். அந்தப் பெயரை எடுத்துக் குதிரையில் ஏற்றி, குறும்பும் வீரமும் கொடுத்து, ஐந்து பாகங்கள் ஓட்டினார் கல்கி. ஆதித்த கரிகாலன் கொலையில் தண்டிக்கப்பட்டவர்களின் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. கல்கியோ கொன்றது யார் என்பதை மூட்டமாகவே விட்டார். நந்தினியையும் பூங்குழலியையும் எந்தக் கல்லிலும் தேட முடியாது. கல்வெட்டுக்கு அவர் காட்டிய சுதந்திரம்தான் அந்த நாவல்.

பிறகு விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்று அதைத் தொடர்ந்து எழுதினார். அனுஷா வெங்கடேஷ் ‘காவிரி மைந்தன்’ எழுதினார். கல்கியின் எழுத்துகளை அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. நாவலில் சேந்தன் அமுதனே உண்மையான மதுராந்தகன் என்று தெரியவந்து, அவனை மணந்த பூங்குழலி அரசியாகிறாள். 2023இல் வந்த திரைப்படத்தின் இரண்டாம் பாகத்தில் அந்த முடிச்சே இல்லை. படகுக்காரி அரியணை ஏறும் இடம் அப்படியே போய்விட்டது. எங்கள் குழுவில் அதைத் ‘தழுவல்’ என்றார்கள். நான் கேட்ட ஒரு படகுக்கூலி மட்டும் ‘மீறல்’.

இதுவரை சொன்னதோடு நிறுத்தியிருந்தால் நியாயம் முழுக்க என் பக்கம் என்று இருந்திருப்பேன். ஆனால் அதே மூன்று சொற்களை ஒருநாள் நானும் எழுதினேன்.

குழுவில் ஊமைராணி மந்தாகினியின் பாத்திரம் ஒரு கல்லூரி மாணவிக்குக் கிடைத்திருந்தது. கடைசியாகச் சேர்ந்ததால் மிஞ்சிய பாத்திரம் அவள் தலையில் விழுந்தது. எழுத்தில் மட்டுமே நடக்கும் விளையாட்டில், பேசாத, காது கேளாத பெண். மற்றவர்கள் பக்கம் பக்கமாக வசனம் எழுதும்போது அவள் ‘கண்ணீர் வடிக்கிறாள்’, ‘கையை அசைக்கிறாள்’ என்று ஒற்றை வரிகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். மாதங்கள் போயின. ஒருநாள் இரவு அவளுக்குப் பொறுக்கவில்லை. சுந்தர சோழரின் படுக்கையறையில் மந்தாகினியைப் பேச வைத்தாள். தன்னை விட்டுப்போன அரசனைக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்க வைத்தாள். நல்ல எழுத்து. குழுவே கைதட்டியது.

நான், ‘கல்கி அப்படி எழுதவில்லை’ என்று எழுதினேன்.

அவள் தனிச்செய்தியில் வந்தாள். “அக்கா, நீங்களுமா?”

பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. என் பெரியம்மா வாய் பேசாதவர், காதும் கேட்காது. எங்கள் வீட்டில் அவருக்கென்று ஒரு மொழி இருந்தது. வலது கைப் பெருவிரலை மூக்கில் வைத்தால் தாத்தா. உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் கடல் சரியில்லை. வீட்டிலேயே அதிகம் சண்டை போடுகிறவர் அவர்தான். பேசாத பெண்ணுக்கு விடுதலை தர வேண்டுமென்றால் அவளுக்குக் குரல் வந்துவிட வேண்டும் என்று எழுதினால், பெரியம்மா இத்தனை காலம் பேசியதெல்லாம் என்ன ஆகிறது? எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

அதை அந்த மாணவிக்கு எழுத உட்கார்ந்தபோது நாவலைத் திரும்ப எடுத்தேன். இரண்டாம் பாகத்தில், அநுராதபுரத்தில், தன் கதையை மந்தாகினி சித்திரங்களாக வரைந்து வைத்திருக்கிறாள். அருள்மொழிவர்மர் அதைப் படித்துத் தெரிந்துகொள்கிறார். அவளுக்கு மொழி இருந்தது. கல்கியே கொடுத்திருந்தார். வசனம் வேண்டாம், கண்ணீர் போதும் என்று அவளை அடக்கி வைத்த எங்கள் விதியும் அந்தப் பக்கங்களை மறந்திருந்தது. அவளுக்குக் குரல் கொடுத்த காட்சியும் மறந்திருந்தது. அதட்டிவிட்டு வந்த நானும் மறந்திருந்தேன்.

எங்கள் ஊர்க் கடலில் கடைசி முத்துச் சலாபம் நடந்தது 1961இல். அதில் குளித்தவர்களில் என் தாத்தாவும் ஒருவர். குளிக்கிறவரின் இடுப்புக் கயிற்றை மேலே தோணியில் பிடித்திருப்பது அவர் மனைவியின் சகோதரன் என்பது எங்கள் கரையில் எல்லோரும் சொல்லும் வழக்கம். தன் சகோதரியின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் அவன் கண்ணயர மாட்டானாம். இதைப் பெருமையாகச் சொல்வார்கள். பெண்ணின் வாழ்வை ஈடாக வைத்து இரண்டு ஆண்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. ஈடாக வைக்கப்பட்டவள் தோணியிலேயே இல்லை. அந்தக் கசப்பு இருக்கட்டும். ஆச்சி சொன்ன இன்னொன்று எனக்கு முக்கியம். அவளுடைய தம்பிதான் கயிறு பிடித்தார். கயிற்றை விறைப்பாகப் பிடித்தால் கீழே இருப்பவர் சிப்பி பொறுக்க முடியாது, தொய்ய விட்டால் அவர் இழுப்பது மேலே தெரியாது என்பாராம். கயிறு பிடிக்கிறவனின் விசுவாசம் கயிற்றுக்கு இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் கீழே ஒரு ஆள் இருக்கிறார், அவருக்கு.

நாவலுக்கு உண்மையாக இருப்பதை நான் இப்போது அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். கல்கியின் வரிகள் கயிறு. அந்த வரிகளின் மறுமுனையில் பேசாத பெண்கள், படகு தள்ளுகிற பெண்கள், கூலிக்கு உழைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் எப்போது இழுக்கிறார்கள் என்று கையில் தெரிய வேண்டுமானால் முதலில் கயிற்றை ஒழுங்காகப் பிடிக்க வேண்டும். அதாவது புத்தகத்தை ஒழுங்காகப் படிக்க வேண்டும். எங்கள் அட்மின் விறைப்பாகப் பிடித்தார். அந்த மாணவி கைவிட்டாள். நான் இரண்டையும் செய்தேன்.

படிப்பதில் கடலையும் சேர்க்க வேண்டும். பெண் கடலில் இறங்குவதில்லை என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அதுவும் யாரோ எழுதிவைத்த மூலம். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துப் பெண்கள் சேலைக்கு மேல் சட்டை போட்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுக்கிறார்கள். 1986இல் அந்த 21 தீவுகளும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, பாசி எடுக்கப் போகிறவர்கள் வனத்துறைக்குப் பயந்துகொண்டே போகிறார்கள். அவர்கள் எடுத்த பாசிக்கு விலை பேசுவார்கள். பேசாவிட்டால் அடுப்பு எரியாது.

திரும்பப் படித்தபோது நாவலில் கூலி கேட்கும் ஒரு பெண்ணும் கிடைத்தாள். பூங்குழலியின் அண்ணி ராக்கம்மாள். காசாசை பிடித்தவளாகவே கதை அவளைக் காட்டும். படகோட்டும் குடும்பத்தில் காசு கேட்கிறவள் கெட்டவள், காதலுக்காகத் துடுப்புப் போடுகிறவள் நல்லவள். கல்கி அப்படித்தான் எழுதினார். நான் பூங்குழலியைக் கூலி கேட்க வைத்தபோது, இந்தப் பங்கீட்டைத் தொடாமல் தாண்டிப்போகப் பார்த்தேன் என்று தெரிந்தது.

அதனால் பூங்குழலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ராக்கம்மாளைக் கேட்டேன். யாரும் எடுக்காத பாத்திரம். உடனே கிடைத்தது. நாவலின் ஒரு சம்பவத்தையும் நான் மாற்றவில்லை. அவள் பொன் கேட்கும் இடத்தில் கேட்டாள். புருஷன் முருகய்யன் கடலுக்குப் போய்த் திரும்பாத இரவுகளில் அவள் எதை எண்ணிக்கொண்டிருந்தாள் என்பதை மட்டும் சேர்த்து எழுதினேன். புயல் வந்தால் படகு யாருடையது, கடன் யாருடையது என்று கேட்க வைத்தேன். அட்மின் அந்தக் காட்சியை நீக்கவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை.

மாணவிக்கு ஒரு நீண்ட மன்னிப்பு எழுதினேன். பெரியம்மாவைப் பற்றியும் எழுதினேன். அதற்குப் பிறகு மந்தாகினியின் முறை வரும்போதெல்லாம் குழுவில் வசனம் வராது, ஒரு படம் வரும். நோட்டுத்தாளில் பேனாவால் வரைந்து கைபேசியில் எடுத்தது. ஒரு படகு, ஒரு யானை, முதுகைக் காட்டி நடந்துபோகும் கிரீடம் வைத்த ஒருவன். அதைப் படிக்க எல்லோருக்கும் நேரம் பிடித்தது.

வந்தியத்தேவனை எடுத்தவர் இன்னும் குழுவில் இருக்கிறார். ராக்கம்மாள் அவரிடம் வாரம் ஒருமுறை படகுக்கூலியை நினைவூட்டுகிறாள்.