அன்றாடப் பழக்கமும் அந்திம நினைவும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நம் பெரியோர்களின் திருநாமங்களை அநுஸந்திக்கும்போது ஒரு விசேஷம் புலப்படும். அவற்றுள் சில, அவர்கள் நாள்தோறும் செய்துவந்த எளிய செயல்களால் அமைந்தவை. வடபத்ரசாயிக்குக் கட்டிய மாலையைத் தான் சூடி அழகு பார்த்த கோதை, சூடிக்கொடுத்த நாச்சியார் ஆனாள். மாதுகரத்துக்கு எழுந்தருளும்போதெல்லாம் திருப்பாவையை அநுஸந்தித்துச் சென்ற உடையவர், திருப்பாவை ஜீயர் ஆனார். ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்த மஹாசார்யரை, வீதியில் அவர் வாய்விட்டுச் சொன்ன பாசுரங்களைக் கொண்டும் அடியார்கள் நினைவில் வைத்தார்கள்.

திருப்பாவையின் 18ஆம் பாசுரம், வளை ஒலிக்க வந்து கதவைத் திறக்குமாறு நப்பின்னைப் பிராட்டியை வேண்டுவது. அதை அநுஸந்தித்தபடியே உடையவர் தம் ஆசார்யரின் திருமாளிகை வாசலை அடைந்தார். ஆசார்யரின் திருமகள் கைவளை ஒலிக்கக் கதவைத் திறந்தாள். அவளை நப்பின்னைப் பிராட்டியாகவே கண்டு உடையவர் தண்டனிட்டு விழுந்தார் என்று பெரியோர் பணிப்பர். தினமும் சொல்லுவது மனம் கலவாத வெறும் வழக்கமாகிவிடும் என்று நாம் அஞ்சுகிறோம். அவருக்கோ, தினமும் சொன்ன பாசுரமே கண்முன் வந்து நின்றது.

அடியோங்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் பணிபுரிந்தோம். எத்தனையோ பேருடைய இருப்புத் தொகையை எங்கள் கையாலேயே பேரேட்டில் எழுதினோம். அவற்றில் ஒன்றுகூட இன்று நினைவில் இல்லை. கையெழுத்திட்டபின் பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்து, பின்னால் நிற்பவருக்கு ஒதுங்கி வழிவிடும் ஒரு முதியவர் மட்டும் மறக்கவில்லை.

அண்மையில் எங்கள் ஐந்து வயதுப் பேரன், வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் போல நடித்துக் காட்டினான். பாட்டியைப் போல என்றதும், துளசிக்குத் தீர்த்தம் வார்ப்பதுபோல் கையைச் சாய்த்தான். தாத்தாவைப் போல என்றதும், உதடுகள் முணுமுணுக்க, இல்லாத கைபேசியைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே இருந்தான். எல்லாரும் சிரித்தார்கள், அடியோங்களும் சிரித்தோம். ஆனால் அவன் காட்டியது, காலையில் அடியோங்கள் திருப்பாவை சொல்லும் வேளையை.

பேரன் எப்படி நினைப்பான் என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. எம்பெருமான் நம்மை எப்படி நினைப்பான்? வராஹ சரம ச்லோகத்தில் ஞானப்பிரான் பூமிப்பிராட்டிக்கு இதற்கு விடை அருளிச்செய்கிறான். உடலும் மனமும் நன்றாயிருக்கும் காலத்தில் தன்னை நினைத்தவன், கட்டையும் கல்லும் போலக் கிடக்கும் அந்திம தசையில், தானே அவனை நினைத்துப் பரமகதிக்கு அழைத்துச் செல்வதாக வாக்களிக்கிறான். இளைத்த காலத்தில் நினைக்க இயலாது என்று, பெரியாழ்வாரும் திருவரங்கநாதனிடம் முன்கூட்டியே விண்ணப்பித்துக்கொண்டார்.

அவன் நினைப்பது அவனுடைய க்ருபை. நம் பழக்கம் அதற்கு விலையாகாது. ஆயினும் நினைவு தெளிந்திருக்கும் இந்தக் காலைப்பொழுதில், கை ஒன்றையும் வாய் ஒன்றையும் செய்ய விடலாமோ?

இப்போது முப்பது பாசுரங்களும் முடியும்வரை கைபேசி அலமாரிக்குள் இருக்கிறது. பேரன் இன்னும் தன் நடிப்பை மாற்றவில்லை. அடியோங்களும் இன்னும் சில நாள்களில் அலமாரியைப் பார்த்துக்கொண்டேதான் சொல்லுகிறோம். நாளையும் சொல்லுவோம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.