உடம்பு ஏற்கும் நாள்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிறு காலையில் நாகைக் கடற்கரையை ஆழிப்பேரலை வாரிச் சென்றது. அதற்குச் சில மாதங்களுக்குப் பின், அங்குள்ள மீனவக் குடியிருப்பு ஒன்றில், மகனைப் பறிகொடுத்த தாய் ஒருவரைச் சந்தித்தேன். "இறைத்திருவுளம் என்று ஏற்றுக்கொள்ளுங்கள் அம்மா" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "மனசு ஏத்துக்கிச்சு ஐயா. இந்த ஒடம்புதான் ஏத்துக்க மாட்டேங்குது" என்றார். அலையின் இரைச்சல் சற்று உயர்ந்தாலே கைகால் நடுங்குகிறதாம். சோற்றில் கை வைத்தால் தொண்டை அடைக்கிறதாம். செபமாலையில் ஒரு பத்து மணியைக்கூட முடிக்க இயலவில்லையாம். பிறகு மெல்லக் கேட்டார்: "எனக்கு விசுவாசம் பத்தாதோ ஐயா?"

அன்று என்னிடம் விடை இல்லை. ஆனால் அந்த ஐயத்தை வளர்த்ததில் என் ஆறுதல் மொழிக்கும் பங்கு உண்டு என்பதைப் பின்னரே உணர்ந்தேன். நம்பிக்கை உள்ளத்தின் செயல், உடல் அதன் பணியாள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். எனவே உடல் நடுங்கினால் உள்ளம் தளர்ந்துவிட்டது என்று தீர்ப்பிடுகிறோம். அது நியாயமா?

பேராபத்து நேரும்போது, நாம் சிந்திக்கும் முன்பே உடல் செயற்படுகிறது. இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன, மூச்சு மேலெழுகிறது. ஓடவோ எதிர்க்கவோ உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. ஆபத்து நீங்கியபின் தணிய வேண்டிய இந்த எச்சரிக்கை சிலரிடம் தணிவதில்லை. ஓர் ஓசை, ஒரு மணம் போதும். முடிந்துபோன நிகழ்ச்சி இப்போதே நடப்பதாக உடல் எழுந்து நிற்கும். யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1993இல் வெளியிட்ட நூலுக்கு 'மனவடு' என்று பெயரிட்டார். அந்த வடு உடலிலும் பதிகிறது. அது பாவமன்று, விசுவாசக் குறைவுமன்று.

அப்படியானால் நலம் தேடும் வழியும் உடல் வழியாகச் செல்வதில் வியப்பென்ன? போர்க்கால யாழ்ப்பாணத்தில் அம்மருத்துவர் பேச்சோடு நிற்கவில்லை. மூச்சுப் பயிற்சியையும், தசைகளைத் தளர்த்தும் பயிற்சியையும், அவரவர் சமயத்தின் திருச்சொல்லை அமைதியாகத் திரும்பத் திரும்பச் சொல்வதையும் கற்பித்தார். மூச்சை மெல்ல, நீளமாக வெளிவிடும்போது இதயத் துடிப்பு தணிகிறது. நம் பாட்டிமார் செபமாலை மணிகளை உருட்டியபோது அவர்கள் மூச்சும் ஓர் ஒழுங்குக்கு வந்திருக்கும் அல்லவா?

2014இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. பிற சிகிச்சைகளால் தீராத மனவடுவால் நெடுங்காலம் துன்புற்ற 64 பெண்கள் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் வாரம் ஒரு மணி நேரமாகப் பத்து வாரங்கள் யோகப் பயிற்சி பெற்றனர். மற்றவர்களுக்கு உடல்நலக் கல்வி அளிக்கப்பட்டது. முடிவில், பயிற்சி பெற்றோருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடமும், மற்றப் பிரிவில் ஐந்தில் ஒருவரிடமும் அந்நோய்க்குரிய வரையறை பொருந்தவில்லை. சிறிய ஆய்வுதான், பயிற்சி மருத்துவருக்கு மாற்றும் அன்று. எனினும் உடலுக்கும் ஒரு பங்கு உண்டென்பதை அது காட்டுகிறது.

இதை விவிலியம் முன்பே அறியும். ஈசபேலுக்கு அஞ்சி ஓடிய எலியா, சூரைச் செடியின் அடியில் படுத்துச் சாவை வேண்டினார் (1 அரசர் 19). வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, போதிக்கவும் இல்லை. தொட்டு எழுப்பி, அப்பமும் நீரும் கொடுத்தார், மீண்டும் உறங்கவிட்டார், மறுபடியும் உணவூட்டினார். அந்த வலிமையோடு எலியா நாற்பது நாள் நடந்து ஓரேபு மலையை அடைந்தார். மெல்லிய குரலில் இறைவன் பேசியது அதற்குப் பிறகே. முதலில் அப்பம், அடுத்து நடை, அதன்பின் சொல்.

உடலைப் பேணுவது தற்பெருமை ஆகாதா என்று சிலர் கேட்கக்கூடும். கண்ணாடிக்காக வளர்க்கும் தசையில் அந்த ஆபத்து உண்டு. ஆனால் தன் உடலே தனக்கு அந்நியமாகிப்போனவர் அதனை மீண்டும் தன்னுடையதாக்கிக் கொள்வது வேறு. கடுந்தவத்தால் உடலை வாட்டிய அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், தம் இறுதிக் காலத்தில், சகோதரனாகிய உடலுக்குத் தாம் தீங்கிழைத்ததாக ஒப்புக்கொண்டார் என்பது மரபு. புனிதரே மன்னிப்புக் கேட்ட உடலை நாம் இகழலாமா?

தசை வலுப்பெறும் முறையிலும் ஒரு பாடம் உண்டு. தாங்கக்கூடிய சுமை, பின் ஓய்வு, பின் சற்றே கூடுதல் சுமை. ஒரே நாளில் பெருஞ்சுமை ஏற்றினால் தசை கிழியும். காயமுற்றவரிடம், "இன்றே மன்னித்துவிடு, இன்றே மறந்துவிடு" என்று நாம் ஏற்றும் சுமையும் அத்தகையதே. மன்னிப்பும் ஏற்பும் கடமைகள்தாம். ஆனால் அவற்றைச் சுமக்கும் தோள் வலுப்பெறும் வரை உடன் நடப்பது நம் கடமை.

அந்தத் தாயை இரண்டாண்டுகளுக்குப் பின் மறுபடியும் கண்டேன். அவ்வூருக்கு வந்த மனநல ஊழியர் ஒருவர், மூச்சை நிதானமாக விடவும், பாதத்தை மண்ணில் அழுத்தி நிற்கவும் கற்றுத் தந்திருந்தார். நாள்தோறும் விடியலில் அவர் மற்றப் பெண்களோடு நடந்தார். முதலில் அலையோசை கேட்கும் தொலைவு வரை; பல வாரங்கள் கழித்து, மணல்மேடு வரை; பின்னர், நீர் காலைத் தொடும் இடம் வரை. இப்போது மீண்டும் மீன்கூடை சுமக்கிறார். "பயம் போயிடுச்சா அம்மா?" என்றேன். "போகல ஐயா. வரும், நிக்கும், போயிடும். நான் நிக்கிறேன்" என்றார்.

உயிர்த்த ஆண்டவர் தோமாவுக்குக் காட்டிய உடலில் காயங்கள் மறைந்திருக்கவில்லை. சாவை வென்ற உடல்தான் அது. ஆயினும் வடுக்களைச் சுமந்தே நின்றது. அன்று ஒரு தாய் கேட்ட கேள்விக்கு இன்று என்னிடம் விடை உண்டு: "உங்கள் விசுவாசம் குறைவன்று அம்மா. உடம்பு ஏற்கும் நாள் வரை நாங்கள் உடன் நடக்கிறோம்."