கவுச்சிக்கு முதலில் புளி, கடைசியில் சோப்பு

மீன் பிடித்த கையோ மீன் ஆய்ந்த கையோ, வீட்டுக்கு வந்ததும் நாம் முதலில் தேடுவது சோப்பைத்தான். நுரை வரத் தேய்த்துக் கழுவிய பிறகும், சோப்பு வாசனை அடங்கியதும் கவுச்சி மறுபடி எழும். சோப்பு சரியில்லை என்று வேறொன்று வாங்குகிறவர்கள் உண்டு. எந்தச் சோப்பை வாங்கினாலும் முதலில் அதையே போட்டால் இதுதான் நடக்கும். கையில் ஒட்டியிருப்பது ஒரே வாடை அல்ல. சேறு, சளி, அழுகல், கொழுப்பு என்று நான்கு இடங்களிலிருந்து வருவது. எல்லாமே ஒரே பொருளுக்கு இளகாது.

சேற்றிலிருந்து தொடங்கலாம். கங்கைகொண்ட சோழபுரத்தில் அதற்கு நல்ல சான்று இருக்கிறது. முதலாம் இராசேந்திரன் தன் கங்கை வெற்றியின் நினைவாக அமைத்த சோழகங்கம்தான் இன்றைய பொன்னேரி. நீரால் ஆன வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றும் ஏரி அது. நூற்றாண்டுகளாக வண்டல் படிந்து தூர்ந்துபோனது. இப்படி மேடிட்ட ஏரி எதுவானாலும், கோடையில் தண்ணீர் வற்றி முழங்காலளவு ஆகும்போது வெயிலில் சூடேறும். நீலப்பச்சைப் பாசி மண்டும். பாசியும் மண்ணில் வாழும் சில நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின் என்ற பொருளை வெளிவிடுகின்றன. முதல் மழையில் மண் மணப்பதற்கும் காரணம் இதே பொருள்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்குக்கும் வெகு குறைவாக இருந்தாலும் நம் மூக்கு கண்டுகொள்ளும். மீன் இதைச் செவுள் வழியே உறிஞ்சிக் கொழுப்பில் சேர்த்துக்கொள்கிறது. ஏரிக் கெண்டையிலும் ஜிலேபியிலும் சேற்று வாடை வீசுவது அதனால்தான். கங்கைகொண்ட சோழபுரத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி, அணைக்கரையில் கொள்ளிடம் ஓடும்போது பிடித்த மீனில் இந்த வாடை பொதுவாகக் குறைவு. ஓடும் தண்ணீரிலும் மணலிலும் பாசி அவ்வளவாகத் தங்குவதில்லை.

அடுத்தது சளி. நோய்க்கிருமி அண்டாமல் இருக்க மீனின் மேல் படர்ந்திருக்கும் புரதப் படலம் இது. விராலும் கெளுத்தியும் கைக்கு நழுவுவதற்குக் காரணமும் இதுதான். பிடித்த சற்று நேரத்திலேயே கிருமிகள் இதைத் தின்னத் தொடங்கிவிடும். நகக்கண்ணிலும் ரேகை மடிப்பிலும் ஒட்டிக் காய்ந்துவிட்டால் வெறும் தண்ணீருக்கு அசையாது. சொரசொரப்பான ஏதாவது கொண்டு தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எல்லோரும் மீன் நாற்றம் என்று சொல்வது. கடல் மீன்கள் உப்பு நீரைச் சமாளிக்க உடம்பில் ஒரு சேர்மத்தை வைத்திருக்கின்றன. மீன் செத்த பிறகு கிருமிகள் அதை டிரைமெத்தில் அமீனாக மாற்றுகின்றன. ஏரி மீனில் அந்தச் சேர்மம் மிகக் குறைவு. அதனால்தான் ஐஸ் பெட்டியில் ஊருக்குள் வரும் மத்தியையும் கானாங்கெளுத்தியையும் ஆய்ந்த கை, தூண்டிலில் கெண்டை பிடித்த கையைவிட அதிகமாக நாறுகிறது. ஏரி மீன் அழுகினாலும் அம்மோனியாவும் வேறு அமீன்களும் வரும், அளவில்தான் வேறுபாடு.

அமீன்கள் காரத்தன்மை உடையவை. குளியல் சோப்பும் காரம். காரம் பட்டால் அமீன் தடையின்றி ஆவியாகி மூக்குக்கு வந்துவிடும். முதலில் சோப்புப் போட்ட கை கழுவும்போதே இன்னும் அதிகமாக நாறுவது இதனால்தான். விராலை ஆய்பவர்கள் வழுக்காமலிருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொள்வது உண்டு. சாம்பல் சளியை நன்றாக எடுக்கும். ஆனால் அதுவும் காரம்தான், அமீனை அடக்காது. அமீனை அடக்குவது புளிப்பு. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அமீனோடு சேர்ந்து உப்பாக மாறும். அந்த உப்பு ஆவியாகாது, தண்ணீரில் கரைந்து போய்விடும். சேற்று வாடைக்குக் காரணமான ஜியோஸ்மினும் அமிலத்தில் சிதையும். குழம்புக்குக் கரைத்த புளியின் சக்கையை எறியாமல் கையில் தேய்த்துக்கொள்ளும் பெண்கள் ஒரே பொருளில் இரண்டு வேலையை முடித்துக்கொள்கிறார்கள். எலுமிச்சைத் தோலும் புளித்த மோரும் இதே வழியில் உதவும்.

நான்காவது கொழுப்பு. மீன் கொழுப்பு காற்றுப் பட்டால் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். மதியம் கழுவிய கை சாயங்காலம் நாறுவதற்குப் பெரும்பாலும் காரணம் அது. புளி இதைத் தொடாது. சோப்புக்கு வேலை இங்கேதான்.

ஆக வரிசை இது. கரைக்குப் போகும் முன்பே உள்ளங்கையிலும் நகத்தைச் சுற்றியும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் ரேகைக்குள் சளி இறங்காது. வந்ததும் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். சுடுதண்ணீர் வாடையைக் கிளப்பிவிடும். பிறகு கல் உப்பு வைத்து நகக்கண் வரை தேய்ப்பது. அடுத்து புளிச்சக்கையைப் பூசி ஓரிரு நிமிடம் விட்டு அலசுவது. கடைசியாகத்தான் சோப்பு. எவர்சில்வர் பாத்திரத்தில் கையைத் தேய்த்தால் வாடை போகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. தேய்க்கும்போது ஓடும் தண்ணீர்தான் பாதி வேலையைச் செய்கிறது.

கெளுத்தி முள் குத்திய கைக்கு இந்த வரிசை ஆகாது. அதற்குச் சோப்பும் ஓடும் தண்ணீரும் மட்டும்தான். வீங்கினால் மருத்துவரிடம் போய்விட வேண்டும். எலுமிச்சைச் சாறு பட்ட கையைக் கழுவாமல் வெயிலில் நின்றால் தோல் வெந்து கறுக்கும்.

இத்தனையும் செய்து, கை துடைத்த துண்டையும் தூண்டில் பிடியையும் கழுவிய பிறகும் நாற்றம் விடவில்லை என்றால், கையை விட்டுவிட்டு மீனைப் பார்ப்பது நல்லது. கடல் மீன் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளக்க ஆய்வகங்கள் பார்ப்பவற்றில் ஒன்று இந்த டிரைமெத்தில் அமீனின் அளவு. புளிக்கும் அடங்காத கவுச்சியோடு வந்த மீனைக் குழம்பில் போடாமல் இருப்பதே மேல்.