ஒரே மலை, இரண்டு உடம்பு

நான் சிறுவனாக இருந்த காலத்தில் கம்பளைக் கடைவீதியில் முதலாளி என்றால் தொந்தி இருக்கும். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருக்கும் தோரணையே வசதியைச் சொல்லிவிடும். வெளியூர் போய் வந்தவரிடம் "என்ன, தேஞ்சி போயிட்டீங்க?" என்று கேட்டால் அது அனுதாபம். "நல்லா சதை போட்டிருக்கீங்க" என்றால் வாழ்த்து. இன்று அதே முதலாளிமாரின் பிள்ளைகள் விடிந்ததும் ஜிம்முக்குப் போகிறார்கள். வயிறு ஒட்டியிருந்தால்தான் இப்போது மதிப்பு.

இதற்குச் சுகாதார விழிப்பு மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. சோறு அரிதாக இருந்தபோது சதை வசதியைக் காட்டியது. கோதுமை மாவும் சீனியும் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்ட பிறகு, கட்டான உடம்புக்குத்தான் காசும் நேரமும் தேவைப்படுகின்றன. எது எளியவருக்கு எட்டாதோ அதை ஊர் மெச்சுகிறது.

மலைக்குப் போனால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது 'பெக்கோ ட்ரெயில்' என்ற நடைபாதை. 300 கிலோமீட்டருக்கும் மேல் நீளம், 22 கட்டங்கள். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தேயிலைக்காகப் போட்ட பாதைகளே அதில் பெரும்பகுதி. நல்ல சப்பாத்தும் முதுகுப்பையுமாக நடப்பவர்கள் ஓர் ஏற்றத்தில் நின்று மூச்சு வாங்குகிறார்கள். அதே ஏற்றத்தில் கொழுந்துச் சுமையோடு ஒரு பெண் நிற்காமல் ஏறிப் போகிறாள். சுமைக்கயிறு இழுத்து இழுத்து அவள் நெற்றியில் தடம் விழுந்திருக்கிறது. விரல் வெடிப்புகளில் இலைக்கறை கறுத்துக் கிடக்கிறது. நடப்பவரின் படத்துக்குப் பாராட்டுக் குவிகிறது. அவளுக்கோ சொன்ன கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்.

உழைப்பைக் கணக்கெடுத்தால் அவள்தான் முன்னால். வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் அவள் அதைத் தாண்டிவிடுவாள். ஆனாலும் முழங்காலும் இடுப்பும் அவளுக்குத்தான் சீக்கிரம் விட்டுப்போகின்றன. தொழிலில் உடம்பு வருந்துவதும் ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்வதும் ஒரே பலனைத் தருவதில்லை என்று டென்மார்க் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். பயிற்சி செய்பவர் களைத்தால் நிறுத்திக்கொள்ளலாம். குளித்து, சாப்பிட்டு, உறங்கலாம். தசை தேறுவது அந்த ஓய்வில்தான். கொழுந்தெடுப்பவள் களைத்தாலும் நிறுவை வரைக்கும் நிறுத்த முடியாது. குடியிருக்கும் லயத்துக்கு வந்தால் விறகும் தண்ணீரும் அடுப்பும் காத்திருக்கும். சாப்பாடு பெரும்பாலும் ரொட்டியும் சம்பலும். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்தது. அப்போதும் அதில் ஒரு குடும்பம் நாள்தோறும் முட்டையும் மீனும் எப்படி வாங்கியிருக்கும்?

இந்தக் குறை அடுத்த தலைமுறையின் எலும்பிலும் இறங்குகிறது. 2016ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் ஏறக்குறைய 32 பேர். நடக்கப் பழகுமுன்பே பின்தங்கிவிட்ட பிள்ளையிடம் மனவுறுதியைப் பற்றி யார் பேச முடியும்?

ஜிம்முக்குப் போகிறவரை நான் குறை சொல்லவில்லை. நானும் மகாவலிக் கரையோரம் மாலையில் நடக்கிறவன்தான். அந்த நடை எனக்கு நல்லது செய்கிறது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை எனக்கு வாங்கித் தந்தது என் வருமானம், என் ஒழுக்கம் இல்லை. கட்டான உடம்பை நற்குணத்தின் சான்றாகவும் தளர்ந்த உடம்பைச் சோம்பலின் அடையாளமாகவும் பார்க்கும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்கு நாளுக்கொரு முட்டை, தாய்க்கு உடம்பு ஆறும் அளவுக்கு ஓய்வு, அந்த ஓய்வுக்குச் சம்பளம் வெட்டாத ஏற்பாடு. ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசுகிற எவரும் முதலில் கேட்க வேண்டியவை இவைதாம்.