விட்டுக்கொடுத்த வானம்

பெருநகரங்களை ஒப்பிடத் தொடங்கினால் முதலில் கைக்கு வருவது உயரக் கணக்குதான். துபாயின் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர், ஷாங்காய் டவர் 632, மக்காவின் கடிகாரக் கோபுரம் 601 என்று வரிசை போட்டுவிடலாம். கணக்கில் பிழையில்லை, பாதி விட்டுப்போயிருக்கிறது. அக்கம்பக்கம் தாழ்ந்திருப்பதால்தான் ஒரு கட்டடம் ஓங்கித் தெரிகிறது. அந்த அக்கம்பக்கம் ஏன் தாழ்ந்திருக்கிறது? முடியாமலா, வேண்டாமென்றா? சமய நோக்கில் பார்ப்பவருக்கு இந்தக் கேள்விதான் முக்கியம். ஒரு நகரத்தின் வடிவத்தில் பக்தி எங்காவது தங்கியிருக்கிறதென்றால், ஓங்கிய கோபுரத்தைவிட, ஓங்க வசதி இருந்தும் அடங்கிக்கொண்ட தெருக்களில்தான் அதைத் தேட வேண்டும் என்று நினைக்கிறேன்.

நியூயார்க்கை எடுத்துக்கொள்வோம். வால் ஸ்ட்ரீட் முனையில் உள்ள டிரினிட்டி தேவாலயம் 1846இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் 281 அடி ஊசிக் கோபுரம் பல பத்தாண்டுகள் நகரத்துக்கு மேலே ஓங்கி நின்றது. 1890இல் ஒரு நாளிதழின் அலுவலகம் அதை மிஞ்சியது. 1913இல், சில்லறைச் சாமான் கடைகளால் செல்வம் சேர்த்த உல்வொர்த் 792 அடிக்குக் கட்டினார். அதை வணிகத்தின் பேராலயம் என்று புகழ்ந்தவர் ஒரு பாதிரியார். 1929 அக்டோபரில் கிறைஸ்லர் கட்டடத்தின் முடிக்குள்ளேயே 38 மீட்டர் எஃகு ஊசி ஒன்றை யாருக்கும் தெரியாமல் பொருத்தி வைத்து, ஒன்றரை மணி நேரத்தில் வெளியே உயர்த்தினார்கள். வால் ஸ்ட்ரீட்டில் எழுந்துகொண்டிருந்த போட்டிக் கட்டடத்தை முந்துவதைத் தவிர அந்த ஊசிக்கு வேறு வேலை இல்லை. 1931இல் எம்பயர் ஸ்டேட் வந்து அதையும் முந்தியது. கடவுளின் இடத்தைப் பணம் பிடித்துக்கொண்ட கதையாக இதைச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1846இல் டிரினிட்டிக்காக எவரும் தம் உயரத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை. எஃகுச் சட்டகமும் நம்பகமான மின்தூக்கியும் அப்போது இல்லை, அவ்வளவுதான். இரண்டும் கைக்கு வந்த மறுதலைமுறையே தேவாலயத்தைத் தாண்டிப் போனது என்றால், அதற்கு முன்பும் அந்த உயரத்தில் ஊரார் செலுத்திய மரியாதை எதுவும் இருந்ததில்லை என்றே பொருள்.

லண்டன் வேறு மாதிரி நடந்துகொண்டது. 1930களில் ஒரு தொலைபேசி நிலையக் கட்டடம் ஆற்றங்கரையில் எழுந்து, 111 மீட்டர் உயரமுள்ள செயின்ட் பால் பேராலயத்தின் தோற்றத்தை மறைத்தது. அதைத் தொடர்ந்து 1937இல் சுற்றுவட்டாரக் கட்டடங்களுக்கு உயர வரம்பு வந்தது. பிற்பாடு வந்த காட்சிப் பாதுகாப்பு விதிகள் இன்னும் விரிவானவை. ரிச்மண்ட் பூங்காவின் ஒரு மேட்டில், முள்ளிலைப் புதர்வேலியில் வெட்டிவிட்ட சிறு இடைவெளி இருக்கிறது. அதன் வழியே பார்த்தால் சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் பேராலயத்தின் குவிமாடம் தெரிகிறது. அந்தக் கோட்டில் எதுவும் குறுக்கே எழக்கூடாது என்று ஒரு பெருநகரமே விலகி நிற்கிறது. 2016இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் எழுந்த ஒரு கட்டடம் குவிமாடத்துக்குப் பின்னால் தெரிந்தபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது. 225 மீட்டர் லெடன்ஹால் கட்டடம் ஆப்பு வடிவில் ஒரு பக்கம் பின்வாங்கிச் சாய்ந்திருப்பதற்கும், ஃபிளீட் ஸ்ட்ரீட்டிலிருந்து பேராலயத்தைப் பார்ப்பவர்களுக்கு வழிவிட்டதே காரணம். நிலத்தின் விலை உச்சத்தில் இருக்கும் ஊரில், கட்டத் தெரிந்தவர்கள், கட்டப் பணம் உள்ளவர்கள் விட்டுக்கொடுத்த இடம் அது. பாலித் தீவிலும் இப்படித்தான். 1966இல் சானூர் கடற்கரையில் பத்து மாடி விடுதி ஒன்று வந்த பிறகு, தென்னை மர உயரமான 15 மீட்டரைக் கட்டடங்கள் தாண்டக் கூடாது என்று விதி செய்தார்கள்.

இதெல்லாம் சுற்றுலாவுக்கும் பழம்பெருமைக்கும் செய்த ஏற்பாடு, பக்தி எங்கே வந்தது என்று கேட்கலாம். விதியை எழுதியவர்களில் பலருக்கு அந்த நோக்கமும் இருந்திருக்கும். ஆனால் விரதம் இருப்பவருக்கு வைத்தியரும் பட்டினியைப் பரிந்துரைத்திருக்கலாம். அதனால் அது விரதமாகாமல் போவதில்லை. தனக்குக் கிடைக்கக்கூடிய ஒன்றை, தன்னைவிட மேலான ஒன்றுக்காகத் தலைமுறை தலைமுறையாக வேண்டாமென்று வைத்திருக்கும் பழக்கத்துக்குப் பக்தி என்பதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

கோயில் கட்டியவர்களே உயரப் போட்டியில் இறங்கவில்லையா என்பது இதைவிட வலுவான மறுப்பு. இறங்கினார்கள். பிரான்சின் பொவே நகரப் பேராலயத்தில் எல்லோரையும் மிஞ்ச எழுப்பிய 48 மீட்டர் விதானம் 1284இல் இடிந்தது. பின்னர் கட்டிய 153 மீட்டர் கோபுரம் முடிந்த நான்கே ஆண்டுகளில், 1573இல் விழுந்தது. கடவுள் பெயரைச் சொன்னதால் செருக்கு செருக்கில்லாமல் ஆகிவிடாது. வேதங்களும் உயரத்தைக் கண்டிக்கவில்லை, போட்டியைத்தான் கண்டிக்கின்றன. பாபேல் கோபுரத்தைக் கட்டியவர்கள் தமக்குப் பேர் தேடிக்கொள்ளக் கட்டினார்கள் என்கிறது ஆதியாகமம். உயர்ந்த கட்டடங்கள் எழுப்புவதில் ஒருவரோடொருவர் போட்டியிடுவதை இறுதி நாளின் அடையாளங்களில் ஒன்றாகச் சொல்கிறது புகழ்பெற்ற நபிமொழி. உயரத்தையே வேறு விதமாகக் கையாண்டவர்களும் உண்டு. பார்சிலோனாவில் கட்டடக் கலைஞர் கௌடி தன் பேராலயத்தின் நடுக்கோபுரத்தை 172.5 மீட்டரில் நிறுத்தத் திட்டமிட்டது, இறைவன் படைத்த மொன்ஜுயிக் மலையை மனிதன் கட்டியது மிஞ்சலாகாது என்பதற்காக. திருவரங்கத்தில் 236 அடி ராஜகோபுரம் ஏழாவது மதிலில், வெளியே நிற்கிறது; உள்ளே போகப்போகக் கோபுரங்கள் சிறுத்து, பள்ளிகொண்டவரிடம் சேரும்போது உயரமே ஒரு பொருட்டில்லாமல் ஆகிவிடுகிறது. அந்த ராஜகோபுரம் முழுமை பெற்றது 1987இல். உயரத்தை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகும் அந்தப் பழைய ஒழுங்கை இத்தனை பெரிய புதுக் கோபுரமும் மாற்றவில்லை.

உயரம் தேவையின் பொருட்டு எழுகிறது, ஏழைக்கு வீடு வேண்டாமா என்பாருக்கு என் பதில் சுருக்கமானது: வேண்டும். ஹாங்காங்கின் அரசுக் குடியிருப்புகள் நாற்பது மாடி எழுவதில் செருக்கில்லை; அவற்றின் தலையில் யாரும் ஊசி செருகுவதில்லை. புர்ஜ் கலீஃபாவிலோ உச்சியில் சுமார் 244 மீட்டருக்கு மனிதர் புழங்கும் தளமே கிடையாது.

கடினமான இடம் மக்கா. கஅபாவின் உயரம் ஏறத்தாழ 13 மீட்டர். அதன் தலைக்கு மேல் 601 மீட்டர் கடிகாரக் கோபுரம் நிற்கிறது. விடுதிகளும் கடைகளும் கொண்ட அந்தத் தொகுப்புக்காக, குன்றின் மேலிருந்த துருக்கியர் காலத்து அஜ்யாத் கோட்டை 2002இல் குன்றோடு அகற்றப்பட்டது. கஅபாவின் மகிமை என்றைக்கும் உயரத்தில் இருந்ததில்லை, அதனால் எதுவும் குறைந்துவிடவில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கஅபாவைப் பொறுத்தவரை அது முழுக்க உண்மை. வலம் வருபவரின் கண் மேலே போவதில்லை. குறைந்தது அண்டைவாசிகளின் அடக்கம். நான் வருந்துவது அதற்காக. ஹஜ் பயணிகள் 2019இல் ஏறத்தாழ 25 லட்சம் பேர். அவர்களுக்குத் தங்குமிடம் வேண்டும், பள்ளிவாசலுக்குப் பக்கத்திலும் வேண்டும் என்பது நியாயமான வாதம். ஆனால் படுக்கைகளின் எண்ணிக்கை 601 மீட்டரைக் கேட்கவில்லை. கடிகாரமும் அதற்கு மேலுள்ள பிறையும் யாருக்கும் படுக்கையாவதில்லை. மினா, முஸ்தலிஃபா, அரஃபாத் ஆகிய இடங்களை இணைத்து 2010 முதல் ஹஜ் நாட்களில் ரயில் ஓடுகிறது. லட்சக்கணக்கானவர்களை ஏற்றி இறக்க அப்படியொரு வழி கண்டவர்கள், விடுதிகளைச் சற்றுத் தள்ளியும் தாழ்த்தியும் கட்டி அங்கிருந்து பள்ளிவாசலுக்கு அழைத்துவரவும் வழி கண்டிருப்பார்கள்.