பூததயையும் காஃப் தீவின் சுண்டெலிகளும்

சேதன அசேதனங்கள் யாவும் எம்பெருமானுக்குத் திருமேனி என்பது நம் பூர்வாசாரியர்கள் நிலைநாட்டிய சித்தாந்தம். அவ்வாறாயின், ஓர் உயிரைக் காக்கும்பொருட்டு மற்றோர் உயிரைப் பூண்டோடு அழிக்கலாமோ? இது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று.

தென் அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே, பிரிட்டனுக்கு உரிய காஃப் என்னும் தீவு உள்ளது. ஊரும் குடியும் இல்லாத இடம். ஒரு வானிலை நிலையம் மட்டுமே உண்டு. டிரிஸ்டன் ஆல்பட்ரோஸ் என்னும் பெருங் கடற்பறவை ஏறக்குறைய முழுவதும் இங்கேதான் கூடு கட்டுகிறது. இடுவது ஒரே முட்டை. குஞ்சை வளர்த்து ஆளாக்கிய இணை மறுபடி முட்டையிட இரண்டு ஆண்டுகள் செல்லும். 19ஆம் நூற்றாண்டில் கடல்நாய் வேட்டைக்கு வந்த கப்பல்களோடு சுண்டெலிகளும் வந்து இறங்கின. வேறு இரை அரிதாகும் குளிர்காலத்தில் அவை கூட்டிலுள்ள குஞ்சை உயிரோடு கொறிக்கத் தலைப்பட்டன. குஞ்சோ எலியினும் பன்மடங்கு பெரியது. ஆயினும் தரையில் பகை உண்டென்பதையே அறியாத குலத்திற் பிறந்தமையால், அதற்கு எதிர்க்கவும் தெரியாது, விலகவும் தெரியாது. இருந்த இடத்திலேயே இருந்து, நாள்தோறும் புண்பட்டு மாள்கிறது.

எலியின்மேல் குற்றம் உண்டோ? பசித்தால் உண்பது அதன் இயல்பு. கப்பலேற அது விரும்பிக் கேட்டதுமில்லை. விபீஷணாழ்வானுக்கு அபயம் தரலாகாதென்று சுக்ரீவ மகாராஜர் தடுத்தபோது, பெருமாள் ஒரு புறாவின் கதையை எடுத்துரைத்தார். தன் பேடையைப் பிடித்த வேடனே வாசலில் வந்து நிற்க, அவனுக்குத் தன் தசையை விருந்தாக்கிற்று அப்புறா. இங்கேயோ கடன் நம்முடையது, தசை எலியினுடையது. ஆதலால், எலி ஒழிந்தது நன்று என்று மகிழ்வாரோடு அடியேன் உடன்படேன்.

வாளாவிருப்போம் என்பாரோடும் உடன்படுவதற்கில்லை. எலியைக் கொண்டுவந்து விட்டது மனிதன் கையே. ஆண்டுதோறும் குஞ்சுகள் மாள்வதும் அக்கையின் காரியமே. சுண்டெலிக்கு உலகெங்கும் வாழ்விடம் உண்டு. அநந்யகதித்வம், அதாவது வேறு புகலற்ற நிலை, அந்தப் பறவைக்கே உரியது. எலியை அகற்றவேண்டியதுதான்; ஆனால் அதைப் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள்ளலாகாது.

அரைகுறையாகச் செய்தல் அதனினும் கொடிது. காஃப் தீவில் 2021ஆம் ஆண்டு ஹெலிகாப்டர்களிலிருந்து நஞ்சு கலந்த தானிய உருண்டைகளைத் தூவினார்கள். அத்தீவுக்கே உரிய சில தரைப்பறவைகளை நஞ்சு தீண்டாவண்ணம் முன்னரே பிடித்துக் கூண்டில் பேணவும் செய்தார்கள். இத்தனைக்குப் பிறகும் அவ்வாண்டு டிசம்பரில் ஒரு சுண்டெலி கண்ணிற் பட்டது. எண்ணற்ற எலிகள் இறந்தும் பறவைக்கு நிலையான அபயம் கிட்டவில்லை.

அதே சமுத்திரத்தின் தென்கோடியில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவிலோ பெருச்சாளி, சுண்டெலி ஆகிய இரண்டும் அற்றுப்போயின என்று 2018ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. அங்கே செல்லும் கப்பல்களைப் பயிற்றிய நாய்கள் மோப்பம் பிடித்துச் சோதிக்கின்றன. காண வருவோர் காலணியின் மண்ணையும் ஆடையில் ஒட்டிய விதைகளையும் துடைத்துவிட்டே கரையில் இறங்குகின்றனர்.