மேட்டுநிலத்து நீர் யாருடைய உடைமை?

ஒருவன் தன் நிலத்தில் தான் வேண்டியதைச் செய்தற்கு உரியன் என்பது உலகவழக்கு. அவ்வுரிமைக்கு எல்லை உண்டோ, உண்டாயின் அஃது யாண்டு முடியும் என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா. ஐக்கிய அமெரிக்காவின் வடகீழ்ப் பகுதியில் ஓடும் டெலவேர் ஆற்றின் செய்தி கொண்டு இதனை ஆராய்வாம்.

அவ்வாறு நியூயோர்க் மாநிலத்துக் கற்ஸ்கில் மலைப்பகுதியிலே தோன்றி, பென்சில்வேனியா, நியூ ஜேர்சி, டெலவேர் என்னும் மாநிலங்களைச் சார்ந்து சென்று கடலை அடைவது. 1 கோடியே 30 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அதன் நீரை நம்பி வாழ்கின்றனர். அதன் மேட்டுநிலங்களின் கீழே, பல இடங்களில் 5,000 அடிக்கும் மேற்பட்ட ஆழத்தில், மார்செலஸ் எனப் பெயரிய களிப்பாறையுள் எரிவாயு அடைபட்டிருக்கின்றது. அதனை எடுப்போர் பாறைவரை துளையிட்டு, மணலும் இரசாயனப் பொருள்களும் கலந்த பல இலட்சம் கலன் நீரை மிக்க அழுத்தத்தோடு செலுத்திப் பாறையைப் பிளப்பர். மீண்டு மேலே வரும் நீரிலே மிகுந்த உப்பும், ரேடியம் முதலியனவும் கலந்திருக்கும்.

“வாயு மிக ஆழத்திலும் கிணற்றுநீர் மேலேயும் இருத்தலின் ஒன்று மற்றொன்றைத் தீண்டாது” என்பர் சிலர். இடையே பாறைகள் பல உள்ளன என்பது மெய்யே. ஆயினும் அவ்விரண்டையும் இணைக்கும் வழி அத்துளையேயன்றோ? துளையைச் சூழ்ந்த குழாயோ சீமெந்தோ பழுதுறின் வாயு மேலேறும். டெலவேர் வடிநிலத்துக்கு அப்பாலுள்ள பென்சில்வேனியாவின் டிமொக் என்னும் சிற்றூரிலே, 2009 சனவரி 1ஆந் திகதி ஓர் இல்லத்துக் கிணறு வெடித்தது. வாயுத் துளைகளினின்றும் மெதேன் வாயு கிணறுகளிற் புகுந்தமையை மாநில அதிகாரிகள் ஆராய்ந்து கண்டனர். துளையிட்ட நிறுவனம் குற்றச்சாட்டை எதிர்த்து வாதியாது, அவ்வூரார்க்குப் புதிய நீர்க்குழாய் அமைக்கும் செலவை ஏற்றது 2022ஆம் ஆண்டிலேயாம். கெடுத்தற்கு ஒருநாள் போதும். திருத்தற்கு 13 ஆண்டும் போதவில்லை.

இதனால் விளங்குவது யாது? நிலத்துக்கு வேலி உண்டு. நீருக்கு வேலி இல்லை. தன் நிலத்திற் பொருளை வைத்துச் சூதாடுவோன் தன் பொருளை இழப்பான். நீரை வைத்துச் சூதாடுவோனோ, தன்னை அறியாதாரும் தனக்கு இசைவு கொடாதாருமாகிய பிறர் பொருளைப் பணயமாக்குகின்றான். ஆதலின் உடைமையுரிமை நீரின் வாயிலிலே முடிகின்றது. டெலவேர் வடிநில ஆணைக்குழு 2021 பெப்ரவரியில் ஆங்கு இம்முறையைத் தடைசெய்தமை அறத்தோடு பொருந்தியதே.

இன்னும் ஓர் ஆட்சேபம் உண்டு. அஃது எளிதில் தள்ளத்தக்கதன்று. மேட்டுநிலத்துப் பால்பண்ணையாளருட் பலர் வறியர். எரிவாயுக் குத்தகைப் பணத்தாலே தம் நிலத்தைக் காக்கலாமென எண்ணியிருந்தார். “நகரத்தார் தூயநீர் பருகுதற்கு நாங்கள் ஏழைகளாயிருத்தல் நீதியோ?” என அவர் வினாவின், விடை கூறுதல் கடன். பிறன் ஒருவனுடைய வறுமையாற் காக்கப்படும் நீரைக் கைம்மாறின்றிப் பருகுதல் அறமன்று. நியூயோர்க் நகரம் தன் நீரிற் பெரும்பகுதியைக் கற்ஸ்கில், டெலவேர் மேட்டுநிலங்களினின்று வடிகட்டாமலே பெறுகின்றது. 1997ஆம் ஆண்டு அந்நகரம் மேட்டுநிலத்து ஊர்களோடு உடன்படிக்கை செய்து, விற்க இசைந்தாரிடம் விலைக்கு நிலம் வாங்குதற்கும், பண்ணைகளையும் கழிவுக்குழிகளையும் திருத்துதற்கும் பொருள் கொடுக்க இசைந்தது. காப்போனுக்குப் பருகுவோன் கடன்பட்டவன் என்னும் நீதி இதன்கண் விளங்கும்.

இனிப் பிறக்கப்போவோர் உளர். அவர் இசைவை யார் கேட்பார்? பென்சில்வேனியா மாநிலம் 1971இலே தன் அரசியற் சட்டத்திலே, இயற்கைப் பொருள்கள் இனி வருந் தலைமுறையினர்க்கும் உரியன என்றும், அரசு அவற்றின் தருமகருத்தா என்றும் விதித்தது. தருமகருத்தா ஒருவன் தன் பொறுப்பிலுள்ள பொருளைக் காத்தற்குரியனேயன்றி அழித்தற்குரியனல்லன்.

ஆசிரியர்களே, உரிமையைக் கற்பிக்குந்தோறும் அதன் எல்லையையும் உடன் கற்பித்தல் வேண்டும். தடைசெய்தல் அறத்தின் ஒரு பாதி. தடையாற் பொருளிழந்தார்க்கு ஈடுசெய்தல் மறுபாதி. இரண்டும் கூடியவழியே நீரும் நிற்கும், நீதியும் நிற்கும்.